பாட்டுக்காரருக்கு அரசு மரியாதை: சிவகாசி விசுவநாததாஸ் முதல் ராக் மேடை வரை

ராக், ரெகே, ராப் போன்ற வெகுசன இசையைப் பாடிப் புகழ்பெற்றவர்களை "எங்கள் மண்ணின் மைந்தர்" என்று சொல்லி அரசுகள் விருதும் பட்டமும் வழங்குவது கடந்த அறுபது ஆண்டுகளில் உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. அப்படி வழங்குவது சரியா, வழங்கினால் எதற்காக வழங்க வேண்டும் என்ற கேள்வியும் அதனுடன் சேர்ந்தே வளர்ந்துள்ளது. இந்தக் கேள்வியை ஆராய நாம் லண்டனிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. வெம்பக்கோட்டைக்குப் பக்கத்து ஊரான சிவகாசியில் பிறந்த ஒருவரின் வாழ்க்கையிலேயே இதன் எல்லா முடிச்சுகளும் உள்ளன. அவர் தியாகி விசுவநாததாஸ்.

மேடையே குற்றமான காலம்

விசுவநாததாஸ் 1886 ஜூன் 16 அன்று சிவகாசியில் பிறந்தார். அப்போது அந்த ஊரில் தீப்பெட்டித் தொழிலும் கிடையாது, பட்டாசுத் தொழிலும் கிடையாது. அவை பின்னாளில்தான் வந்தன. சிவகாசி அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போனது. 1985-இல் காமராஜர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1997 முதல் அது விருதுநகர் மாவட்டம். ஒருவரை "இந்த மாவட்டத்தின் பெருமை" என்று சொல்லும்போது எந்த மாவட்டத்தின் பெருமை என்று கேட்க இடமிருக்கிறது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம்.

அவர் ஸ்பெஷல் நாடக நடிகர். ஸ்பெஷல் நாடகம் என்பது நிலையான கம்பெனி இல்லாமல், ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி அழைத்து ஒரே இரவில் நடத்தும் நாடகம். ஒத்திகை கிடையாது. கதை எல்லாருக்கும் தெரியும். பாட்டும் தர்க்கமும் அந்தந்த நடிகரின் கையிருப்பு. எனவே நடிகர் நினைத்தால் கதைக்கு நடுவே எதையும் நுழைத்துவிடலாம். இந்தச் சுதந்திரத்தைத்தான் விசுவநாததாஸ் பயன்படுத்திக்கொண்டார்.

"வள்ளி திருமணம்" நாடகத்தில் தினைப்புனம் காக்கும் காட்சி உண்டு. பறவைகளை விரட்டிப் பாடும் அந்த இடத்தில், வெள்ளைக்காரரை வெள்ளைக் கொக்காக உருவகித்த ஒரு பாட்டை அவர் பாடினார். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டு அது. கேட்டவர்களுக்கு உடனே புரிந்தது. குறிப்பெடுக்க வந்து உட்கார்ந்திருந்த போலீசாருக்கும் புரிந்தது. 1919-இல் நடந்த ஜாலியன் வாலாபாக் படுகொலையைப் பற்றிய பாட்டையும் அவர் ஊர் ஊராகப் பாடினார். 1876-ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம் ஆங்கில அரசின் கையில் இருந்தது. அவர் மேடையிலேயே கைதானதும் உண்டு. இருபத்தொன்பது முறை சிறை சென்றார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன.

வெளியே ஆட்சியின் பகை என்றால் உள்ளே சாதியின் பகை. அவர் பிறந்தது மருத்துவர் சமூகத்தில். ஊர் வழக்கில் நாவிதர். அந்தக் காரணத்தால் அவருடன் சேர்ந்து நடிக்க மறுத்தவர்கள் உண்டு. காசு கொடுத்துப் பாட்டைக் கேட்கத் திரண்ட ஊர், பாடியவரைச் சமமாக உட்கார வைக்கத் தயங்கியது. அரசு மரியாதையைப் பற்றிப் பேசும்போது இந்தப் பகுதியை விட்டுவிட்டுப் பேசுகிறவர்கள் அதிகம். "வேர்" என்ற சொல் தமிழ்நாட்டில் பிறந்த ஊரோடு மட்டும் நிற்பதில்லை.

1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில், முருகன் வேடத்தில் மயில் மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. வயது 54.

ஒரு படுகொலை, இரண்டு பதில்கள்

ஜாலியன் வாலாபாக் படுகொலைக்குப் பிறகு, 1919 மே மாத இறுதியில், இரவீந்திரநாத் தாகூர் தம் "சர்" பட்டத்தைத் துறப்பதாக வைசிராய்க்குக் கடிதம் எழுதினார். 1915-இல் கிடைத்த பட்டம் அது. அதே படுகொலையைத்தான் தெற்கே விசுவநாததாஸ் கொட்டகை கொட்டகையாகப் பாடினார். தாகூரிடம் திருப்பிக் கொடுக்க ஒரு பட்டம் இருந்தது. விசுவநாததாஸிடம் அப்படி எதுவும் இல்லை; அவருக்குச் சிறை கிடைத்தது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அரசு மரியாதையின் தன்மை விளங்கும். பட்டம் என்பது வெறும் பாராட்டு அன்று. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே உறவை ஏற்படுத்தும் ஒரு செயல். பெற்றவர் பிற்பாடு கோபப்பட்டால் அந்தக் கோபத்தை முதலில் பட்டத்தின் மீதுதான் காட்ட வேண்டியிருக்கிறது.

விசுவநாததாஸின் வாழ்க்கையை எழுதியவர்கள் இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்வார்கள். அவர் கடனில் மூழ்கித் திருமங்கலத்து வீடு ஏலத்துக்கு வந்த சமயம். யுத்தத்துக்கு ஆதரவாகப் பாடினால் கடனைத் தீர்த்துவிடலாம் என்று ஆளுநர் எர்ஸ்கின் தரப்பிலிருந்து சொல்லி அனுப்பினார்களாம், அவர் மறுத்துவிட்டாராம். எந்தக் குரல் குற்றமென்று சிறையில் அடைக்கப்பட்டதோ அதே குரலுக்கு ஒரு நாள் விலை பேசப்பட்டது என்பதுதான் இந்தச் செய்தியின் சாரம். அரசுக்கு அவர் பாட்டின் வலிமை நன்றாகத் தெரிந்தே இருந்தது.

விடுதலைக்குப் பிறகு

விடுதலை பெற்ற இந்தியா பட்டங்களைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. ராவ் பகதூர், திவான் பகதூர் என்று ஆங்கிலேயர் வழங்கியவை எல்லாம் விசுவாசத்துக்குக் கூலியாகவே மக்கள் கண்ணில் பட்டிருந்தன. அரசியலமைப்பின் 18-ஆவது பிரிவு, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் தவிர வேறு பட்டங்களை அரசு வழங்கக் கூடாது என்கிறது. ஆயினும் 1954-இல் பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் தொடங்கப்பட்டன.

முரண்பாடு சும்மா இருக்கவில்லை. 1977-இல் ஜனதா அரசு இவ்விருதுகளை நிறுத்தியது. 1980-இல் அவை திரும்பி வந்தன. பிறகு வழக்குகள் காரணமாக 1993 முதல் 1997 வரை அறிவிப்பு இல்லை. 1995 டிசம்பரில் பாலாஜி ராகவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவை பட்டங்கள் அல்ல, ஆகவே செல்லும். ஆனால் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக் கூடாது என்றது அத்தீர்ப்பு. நம் ஊர்த் திருமண அழைப்பிதழ்களையும் கோயில் திருவிழாச் சுவரொட்டிகளையும் அச்சிடும் சிவகாசி அச்சகங்களுக்கு இந்தத் தீர்ப்பு எட்டியதாகத் தெரியவில்லை.

ராக் மேடைக்கு வந்த பதக்கம்

வெகுசன இசைக்கு அரசு மரியாதை என்பதில் திருப்புமுனை 1965. அந்த ஆண்டு பிரிட்டன், பீட்டில்ஸ் குழுவினர் நால்வருக்கும் எம்.பி.ஈ. விருது அறிவித்தது. தலைமுடி வளர்த்த பையன்களுக்குத் தாங்கள் போர்க்களத்தில் பெற்றதற்கு ஒப்பான பதக்கமா என்று சிலர் தங்கள் விருதைத் திருப்பி அனுப்பினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1969 நவம்பரில், ஜான் லெனனே தம் பதக்கத்தைத் திருப்பி அனுப்பினார். நைஜீரியா–பயாஃப்ரா போரில் பிரிட்டன் தலையிட்டதும், வியட்நாமில் அமெரிக்காவுக்கு ஆதரவளித்ததும் அவர் சொன்ன காரணங்கள். அவருக்கு முன் தாகூர் செய்ததும் ஏறக்குறைய இதுவே.

ஜமைக்காவின் பாப் மார்லி வேறு வகை. ரெகே இசையும் அவர் பின்பற்றிய ராஸ்தஃபாரி நெறியும் அந்நாட்டின் மேல்தட்டால் நெடுங்காலம் இழிவாகவே பார்க்கப்பட்டவை. 1963-இல் கோரல் கார்டன்ஸ் என்ற இடத்தில் நடந்த மோதலை அடுத்து ராஸ்தஃபாரியினர் கூட்டம் கூட்டமாகப் பிடிக்கப்பட்டுத் துன்புறுத்தப்பட்டனர். அதே ஜமைக்கா 1981-இல் மார்லிக்குத் தன் உயர்ந்த விருதுகளுள் ஒன்றான ஆர்டர் ஆஃப் மெரிட்டை வழங்கியது. அப்போது அவர் புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருந்தார். மே 11 அன்று இறந்தார். அரசு மரியாதையுடன் அடக்கம் நடந்தது.

பிறந்த மண்ணை வைத்து மரியாதை செய்வது எவ்வளவு குழப்பமானது என்பதற்குப் பிரெட்டி மெர்க்குரி நல்ல எடுத்துக்காட்டு. குயீன் ராக் குழுவின் பாடகரான அவரது இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. குஜராத்தின் புல்சார், அதாவது இன்றைய வல்சாட், என்ற ஊர்ப்பெயரைக் குடும்பப் பெயராகத் தாங்கிய பார்சி வீடு. 1946-இல் பிறந்தது சான்சிபாரில். பள்ளிப் படிப்பு மகாராஷ்டிரத்தின் பஞ்சகனியில். 1964-இல் சான்சிபார் புரட்சியை அடுத்துக் குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. 1991-இல் லண்டனில் மறைந்தார். அவர் இந்தியரா, சான்சிபாரியரா, ஆங்கிலேயரா? 2006-இல் அவருடைய அறுபதாவது பிறந்தநாளைச் சான்சிபாரில் கொண்டாட முயன்றபோது, அவரது வாழ்க்கைமுறையைக் காரணம் காட்டி அங்கிருந்த மத அமைப்பொன்று எதிர்த்தது. 2019-இல் அதே ஊரில் அவர் பெயரில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகளில் வேர் மாறவில்லை. அந்த வேரால் கிடைக்கும் சுற்றுலா வருமானத்தின் மதிப்புத்தான் தெளிவாகியிருந்தது என்று சற்றுக் கடுமையாகச் சொல்லலாம்.

தமிழருக்கு நெருக்கமான நிகழ்ச்சி 2019-இல் நடந்தது. மாயா என்று அழைக்கப்படும் மாதங்கி அருள்பிரகாசம் லண்டனில் ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போரின் நடுவே வளர்ந்து, சென்னையில் சிலகாலம் இருந்து, 1986 வாக்கில் அகதியாக லண்டன் திரும்பினார். ராப் இசையில் உலகப் புகழ் பெற்றார். ஏ.ஆர். ரகுமானுடன் "ஸ்லம்டாக் மில்லியனர்" படத்துக்காகச் செய்த பாட்டு ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 2009-இல் வன்னிப் போரைப் பற்றி உலக மேடைகளில் பேசியதற்காகப் புலிகளின் ஆதரவாளர் என்ற குற்றச்சாட்டைச் சந்தித்தார். பிரிட்டிஷ் அரசி பெயரால் அவருக்கு எம்.பி.ஈ. அறிவிக்கப்பட்டபோது அவர் அதைத் தாயாருக்காக ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். காரணம் வியப்பானது. அகதியாக வந்து, ஆங்கிலம் தெரியாமல், தனியாகப் பிள்ளைகளை வளர்த்த அந்தத் தாய் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குறைந்தபட்சக் கூலிக்குச் செய்துவந்த வேலை, இதே அரச பதக்கங்களைக் கையால் தைப்பது.

இந்தச் செய்தியைப் படிக்கும்போது நம் பகுதி வாசகருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. ஊரெல்லாம் கொண்டாடும் பொருளைக் கூலிக்குச் செய்து கொடுக்கும் கைகள் எவை என்பது வெம்பக்கோட்டை வட்டாரத்தில் எல்லா வீட்டுக்கும் தெரியும்.

மாயாவை மதித்தது அவர் வேர் இருந்த நாடு அன்று, அவர் அடைக்கலம் புகுந்த நாடு. அவர் பாட்டில் யாரைக் குற்றம் சாட்டினாரோ அந்த அரசு மதிக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. இங்கேதான் "தேசிய வேர்" என்ற அளவுகோல் பழுதாகிறது. வேரை வைத்து மதிக்கும் அரசு, அந்த வேரின் எந்தப் பகுதி தனக்கு வசதி என்று தேர்ந்தெடுத்துத்தான் மதிக்கிறது. மாயாவின் வேர் யாழ்ப்பாணம் என்றால் யாழ்ப்பாணத்தின் போரும் அந்த வேரில் அடங்கும்.

கோவாவும் மணிப்பூரும்

இந்தியாவில் ராக் இசைக்காரர் ஒருவர் அரசு விருது பெற்றதற்கு கோவாவின் ரெமோ பெர்னாண்டஸ் எடுத்துக்காட்டு. 1986-இல் பிரதமர் ராஜீவ் காந்தி வந்திருந்த ஓர் அரசு விழாவில், கோவாவின் குறைகளைச் சொல்லும் பாட்டுகளை அவர் முகத்துக்கு நேரே பாடினார். பத்திரிகைகள் கண்டித்தன. ரெமோ அந்தச் செய்திகளையும் பாட்டு வரிகளையும் பிரதமருக்கே அனுப்பினார். நிகழ்ச்சியைத் தாம் இரசித்ததாகப் பதில் வந்தது. 2007-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பின்னாளில் அவர் போர்ச்சுகல் குடியுரிமை பெற்றார். 1961-க்கு முன் போர்ச்சுக்கீசிய ஆட்சியில் பிறந்த கோவாக்காரர்களுக்கு அந்த வழி உண்டு. அவருடைய பாட்டில் கோவா இருப்பதைக் கடவுச்சீட்டு மாற்றிவிடவில்லை.

மணிப்பூரின் உக்ருல் பகுதியைச் சேர்ந்த ருபென் மஷாங்வா 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். தாங்குல் நாகா மக்களின் பழைய பாட்டுகளை முதியவர்களிடம் தேடிக் கேட்டு, கிதாரோடும் மவுத் ஆர்கனோடும் இணைத்துப் பாடுபவர். தம் மக்களின் பழைய நரம்புக் கருவியை மேற்கத்திய இசையோடு ஒத்துப் போகும்படி திருத்தியமைத்தவர். இவருடைய விருதை "வேருக்காக" என்று சொல்லலாம். ஆனால் அது பிறப்பால் வந்த வேர் அன்று. மலையேறித் தேடி, கற்று, பழகி எடுத்த வேர். நம் கருத்தில், அரசு மதிப்பதற்கு உரிய வேர் இதுதான்.

பேருந்தில் எழுதிய பெயர்

வேரை மட்டும் மதிக்கும் மரியாதை எங்கே போய் முடியும் என்பதை விருதுநகர் மாவட்டம் நேரில் கண்டது. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மன் படையில் நின்று போரிட்ட வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டது. அவர் பிறந்த சமூகத்தைக் காரணமாக்கி, அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று எதிர்ப்பு எழுந்தது. கலவரம் பரவியது, உயிர்கள் போயின. முடிவில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கிவிட்டது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது அப்படித்தான்.

இதில் சுந்தரலிங்கம் செய்த தவறு எதுவும் இல்லை. வெள்ளையரை எதிர்த்தார் என்பதைப் பேச வேண்டிய இடத்தில் யார் வீட்டில் பிறந்தார் என்பது பேசப்பட்டது. விசுவநாததாஸுக்கும் இந்த ஆபத்து இல்லாமல் இல்லை. அவர் பிறந்த சமூகத்தார் அவரைப் பெருமையோடு நினைவுகூர்வது நியாயமே. அவருக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பை அவர்கள்தான் நன்கு அறிவார்கள். மற்றவர்கள் அதை அவர்களுக்கே உரிய விழாவாக விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் தவறு.

மாவட்ட அளவில்

டெல்லியின் விருதுகளுக்குக் கீழே, பலர் கவனிக்காத ஓர் ஏற்பாடு தமிழ்நாட்டில் உண்டு. கலை பண்பாட்டுத் துறை மாவட்டக் கலை மன்றங்கள் வழியாக ஒவ்வொரு மாவட்டத்திலும் கலைஞர்களுக்கு வயது வாரியாக விருது வழங்குகிறது. பதினெட்டு வயது வரை கலை இளமணி, முப்பத்தைந்து வரை கலை வளர்மணி, ஐம்பது வரை கலைச் சுடர்மணி, அறுபத்தைந்து வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. நையாண்டி மேளக்காரரும் கரகாட்டக்காரரும் பறையடிப்பவரும் இவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். மாநில அளவில் இயல் இசை நாடக மன்றத்தின் கலைமாமணி இருக்கிறது. 2007-இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அமைக்கப்பட்டது. நலிந்த நிலையில் உள்ள முதிய கலைஞர்களுக்கு மாத ஓய்வூதியமும் உண்டு.

இவை சிறியவை. பங்குனிப் பொங்கலுக்கும் சித்திரைப் பொங்கலுக்கும் விடிய விடிய வாசித்துவிட்டு மற்ற மாதங்களில் வேறு கூலி வேலைக்குப் போகும் ஒரு தவில்காரருக்கு, சால்வையைவிட மாதத் தொகையே பெரிது. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு நல்ல குணம் இருக்கிறது. இங்கே எல்லாரும் ஒரே மாவட்டம். ஆகவே மண்ணைச் சொல்லி ஒருவரை மற்றவரைவிட உயர்த்த முடியாது. என்ன வாசிக்கிறார், எத்தனை ஆண்டாக வாசிக்கிறார் என்பதையே பார்க்க வேண்டியிருக்கிறது. 2025-இல் மதுரைப் பகுதியைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. சாவுக்கு அடிப்பது என்று ஒதுக்கப்பட்டிருந்த கருவிக்கு அந்த மேடை கிடைத்ததில், கற்றுக்கொடுத்தும் வாசித்தும் அவர் உழைத்த ஆண்டுகளுக்கே முதல் பங்கு.

வெம்பக்கோட்டை வைப்பாற்றங்கரையில், விஜயகரிசல்குளத்து மேட்டில், 2022 மார்ச் முதல் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் சங்கு வளையல்களும், அவற்றை அறுத்துச் செய்ததற்கான தடயங்களும் ஏராளமாகக் கிடைத்தன. சங்கு கடலில் விளைவது. இந்தக் கரிசலில் அல்ல. ஆனாலும் அவற்றை வெம்பக்கோட்டை வளையல்கள் என்றுதான் சொல்கிறோம், செய்த கை இங்கே இருந்ததால்.

விசுவநாததாஸுக்குத் தமிழ்நாடு அரசு அமைத்த நினைவு இல்லம் அவர் பிறந்த சிவகாசியில் இல்லை. அவர் குடியிருந்து, நாடகத்துக்குப் புறப்பட்டுப் போய், சிறையிலிருந்து திரும்பி வந்து, கடனுக்காக வீட்டை இழக்கும் நிலைக்கு வந்த திருமங்கலத்தில் இருக்கிறது.